ட்ராகன் பார்க்கிற பிள்ளைகளும் எங்கள் அரியாத்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் ஐயா கவலைப்பட்டு எழுதியிருந்தார். வன்னிப் பிள்ளைகள் இரவிரவாகப் போனில் ட்ராகன் படமும் மந்திரவாதிப் படமும் பார்க்கிறார்கள், சொந்த மண்ணின் கதை ஒன்றும் தெரியாமல் வளர்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அப்படிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்க நியாயத்தையும் வாசகர்கள் கேட்க வேண்டும்.

நான் முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். செலவு போக மிஞ்சுகிற காசில் போனுக்கு டேட்டா போடுவதும், வவுனியாவுக்குப் போனால் பழைய புத்தகம் தேடுவதும்தான் என் பொழுதுபோக்கு. தடித்த ஆங்கில மாயக்கதைகளை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்கள் பலவற்றில் முதல் பக்கத்திலேயே ஒரு வரைபடம் இருக்கும். எங்குமே இல்லாத ஒரு நாட்டின் மலை, ஆறு, காடு, கோட்டை எல்லாம் கையால் கீறியிருப்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் கீற ஆசை வந்தது. முதலில் கற்பனை நாடுகளைக் கீறினேன், பிறகு அதே பாணியில் வன்னியை. நந்திக்கடல், வற்றாப்பளை, குமுழமுனை, ஒட்டுசுட்டான் எல்லாவற்றையும் உரிய இடத்தில் போட வேண்டுமென்றால் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்? நான் ஊர் சுற்றத் தொடங்கியது அப்படித்தான்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலுள்ள கற்சிலைமடுவுக்குப் போனதும் அந்த வரைபடத்துக்காகத்தான். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன். அதே வருடம் ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் அவரைத் தோற்கடித்தது இந்தப் பக்கத்தில்தான் என்று வெள்ளையர்கள் கல் நட்டார்கள். பாடப்புத்தகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய வருடம், அந்த இடத்தில் நின்று சுற்றிவரப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. எந்தப் பக்கத்தால் வந்திருப்பார்கள், காடு எவ்வளவு அடர்த்தியாக இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றியது. அப்படி யோசிக்க என்னைப் பழக்கியது மாயக்கதைகள்தான்.

நியூசிலாந்தில் மட்டமட்டா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே ஆட்டுப்பண்ணை ஒன்றில் ஒரு மாயக்கதைப் படத்துக்காகக் கட்டிய வட்டக் கதவுக் குட்டி வீடுகளைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். குரோஷியாவின் துப்ரோவ்னிக் மதில்களுக்கும், ஒரு மாயக்கதைத் தொலைக்காட்சித் தொடரில் அவை வந்தன என்பதற்காகவே கூட்டம் போகிறது. கட்டுக்கதை நடந்த இடத்தையே பார்க்க விரும்புகிற மனது, நடந்த கதையின் இடத்தை வேண்டாமென்று சொல்லுமா? யாராவது அந்தக் கதையை நன்றாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கதைகள் உண்மையை விட்டு ஓடப் பழக்குகின்றன என்றும் ஐயா எழுதியிருந்தார். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2009இல் எனக்குப் பதினொரு வயது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். பகலில் தண்ணிக்கு வரிசை. இரவில் படுக்க இடம் போதாது, அழுகிற சத்தம் ஏதாவது ஒரு பக்கத்தில் கேட்டபடி இருக்கும். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு பெரியம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து அரியாத்தை கதை சொல்லுவார். வேலப்பணிக்கனின் பெண்சாதி அரியாத்தை, ஊரைக் கலக்கிய கொம்பன் யானையைத் தானே போய்க் கட்டிக்கொண்டு வந்த கதை. பணிக்கர்கள் யானை பிடிக்கிற விதத்தைப் பெரியம்மா கையால் செய்து காட்டுவார். தோல் வாரில் திரித்த கயிற்றில் சுருக்குப் போட்டு, பின்னால் சத்தமில்லாமல் போய், யானை காலைத் தூக்கி வைக்கிற நேரம் பார்த்துப் பின்னங்காலில் மாட்டி, மறுதலையை மரத்தில் சுற்றுவது. அவருடைய சேலைத் தலைப்புத்தான் கயிறு, கொட்டில் தடிதான் மரம். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் நாங்கள் எதையும் விட்டு ஓடவில்லை. பயப்படுகிற ஒன்றின் முன்னால் ஒரு பொம்பிளை போய் நின்றாள் என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இப்போது நான் சொல்கிறேன். இரவில் வயல் பக்கம் யானை வெடிச் சத்தம் கேட்டு எழும்புகிற பிள்ளைகள் அவர்கள். யானையின் பருமனை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் கதையையும் நினைத்துப் பாருங்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் ஒரு கிழவி வருகிறாள். பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டு விளக்குக் கொளுத்த எண்ணெய் இல்லையென்றதும், "கடல் தண்ணிய அள்ளி ஊத்துங்கோ" என்கிறாள். விளக்கு எரிகிறது. "தலை கடிக்குது, பேன் பாருங்கோ" என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி அவள். வைகாசிப் பொங்கலுக்கு முதல் சிலாவத்தைக் கரையில் தீர்த்தமெடுத்து, எங்கள் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் இன்றைக்கும் விளக்கெரிக்கிறோம். நான் வாசித்த எந்த வெளிநாட்டுக் கதையிலும் அந்தத் தலை நிறைந்த கண்களைப் போல் மயிர்க்கூச்செறிய வைத்த இடம் இல்லை. அம்மன் மேல் எனக்குள்ள பக்தியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே ஐயாவிடமும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ட்ராகன் பார்க்கிற பிள்ளையின் போனைப் பறிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை யானை கட்டிய கதையையும் கேட்கும். பிரதேச சபை நூலகங்களில் பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பக்கத்தில் மாயக்கதைகளுக்கும் எங்கள் நாட்டார் கதைகளுக்கும் சேர்த்து ஒரு தட்டு ஒதுக்கலாம். உங்கள் சிறுவர் பக்கத்தில் 'வேழம் படுத்த சிந்து' என்ற பாட்டையும் 'வேலப்பணிக்கன் ஒப்பாரி'யையும் தழுவி, அரியாத்தை கதையைப் படங்களோடு தொடராகப் போடலாம். சிந்து மனப்பாடமாகத் தெரிந்த முதியவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். நீங்கள் சம்மதித்தால் அவர்களிடம் போய் எழுதி எடுத்து வர நான் ஆயத்தம். தொடருக்கு வரைபடமும் கீறித் தருவேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
முள்ளியவளை.