பெயர்ப் பொருள் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களையும் குடும்பப் பெயர் அகராதிகளையும் தொகுத்து வெளியிடும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடுவோரும், தம் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவோரும் முதலில் புரட்டுவது உங்கள் தொகுப்புகளைத்தான். அங்கே நீங்கள் எழுதும் ஒற்றை வரியை, அந்தப் பெயருக்கு உரியவர் வாழ்நாள் முழுதும் பிறரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வரி பெரும்பாலும் 'அழகானவள்', 'வீரமிக்கவன்', 'ஒளி பொருந்தியவர்' என்ற மூன்று நான்கு நற்சொற்களுக்குள்ளேயே சுற்றி வருவதால்தான் இம்மடலை எழுத நேர்ந்தது. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பெயருக்குப் பொருள் கூறும்போது, அது எம்மொழியில் எவ்வாறு பிறந்தது, யார் வழியாக இன்றைய வடிவுக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே அச்சிடுங்கள்.

வனெசா என்னும் பெயரைப் பாருங்கள். அதற்குப் 'பட்டாம்பூச்சி' என்று பொருள் போட்டு, கிரேக்கச் சொல் என்றும் குறிக்கும் பட்டியல்கள் பல. ஆனால் அப்பெயரைப் படைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட். தம் தோழி எஸ்தர் வனோம்ரியின் குடும்பப் பெயரில் உள்ள 'வன்' என்னும் முதல் அசையோடு, எஸ்தர் என்பதன் செல்லச் சுருக்கமான 'எஸ்ஸா'வை ஒட்டி, ஒரு கவிதைக்காக அவர் ஆக்கிக்கொண்ட பெயர் அது. 1807இல்தான் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு வனெசா என்று பெயரிட்டார். பெண்ணின் பெயர் பூச்சிக்குப் போன கதையை நீங்கள் தலைகீழாக்கி, பூச்சியின் பெயர் பெண்ணுக்கு வந்ததாக எழுதிவருகிறீர்கள்.

ஒலி ஒப்புமையை நம்பி ஏமாறுவது இதைவிடப் பரவலான பிழை. அந்தோணி என்னும் பெயரின் மூலமான அந்தோனியுஸ் என்பது பழைய உரோமைக் குலப் பெயர். அதன் வேர் இன்றும் உறுதிப்படவில்லை. பிற்காலத்தில் யாரோ அதை மலரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'அந்தோஸ்' என்பதோடு இணைத்தார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தே அதனால் கூடிப்போயிற்று. பட்டியல்களில் அந்தோணி மலராகவே பூத்து நிற்கிறார். நம் கண்ணனுக்கும் இதே கதிதான். கருமையைக் குறிக்கும் கிருஷ்ண என்னும் வடசொல், பிராகிருதத்தில் 'கண்ஹ' என்றாகித் தமிழில் கண்ணன் ஆயிற்று என்பது மொழியறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட விளக்கம். 'அழகிய கண்களை உடையவன்' என்பது பின்னால் வந்த அன்பான கற்பனை. அந்தக் கற்பனைக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை நீக்கும்படி நான் கேட்கவில்லை. மக்கள் கூறும் விளக்கம் இது, சொல்லின் பிறப்பு இது என்று இரண்டையும் பிரித்துக் காட்டினால் போதும்.

மரியா என்னும் பெயருக்கோ நிலைமை இன்னும் சிக்கலானது. அதன் மூலமான மிர்யாம் என்னும் எபிரேயப் பெயருக்குக் 'கசப்பு' என்றும், 'அன்புக்குரியவள்' என்றும், 'விரும்பிப் பெற்ற பிள்ளை' என்றும் விளக்கங்கள் உண்டு. எகிப்திய வேரைத் தேடுவோரும் இருக்கிறார்கள். விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் அதனைக் 'கடல் துளி' எனப் பொருள்படும் 'ஸ்தில்லா மாரிஸ்' என்று இலத்தீனில் விளக்க, பின்வந்த கையெழுத்துப் படிகளில் ஓர் உயிரெழுத்து மாறி, 'கடலின் விண்மீன்' ஆகிய 'ஸ்தெல்லா மாரிஸ்' நிலைத்துவிட்டது என்று கருதப்படுகிறது. உலகில் மிகப் பரவலாக வழங்கும் பெண் பெயர்களுள் ஒன்றின் நிலையே இது என்றால், ஐயம் என்ற சொல்லே தென்படாத ஒரு பட்டியலை எப்படி நம்புவது?

குறை மட்டும் சொல்லிக்கொண்டிராமல், ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்று என்னால் இயன்ற அளவில் எழுதிக் காட்டுகிறேன். சேவியர்: பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' எனப் பொருள்படும் எச்சே பெர்ரி என்பதிலிருந்து வந்த இடப்பெயர், இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார் பகுதியில் அப்பெயருடைய கோட்டையில் 1506இல் பிறந்த பிரான்சிஸ், ஊர்ப் பெயரால் அறியப்பட்டார், 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட பின் அவர் நினைவாகப் பிள்ளைகளுக்கு இடும் முதற்பெயராகப் பரவியது, தமிழில் சவேரியார், சவரிமுத்து. இவ்வளவும் ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடுகிறது. 'ஒளிமிக்கவர்' என்று இப்பெயருக்கு நேராக நீங்கள் இடும் ஒற்றைச் சொல்லில் வீடும் இல்லை, கோட்டையும் இல்லை, அந்த மனிதரும் இல்லை.

அடுத்து, உங்கள் பட்டியல்களில் இடமே பெறாத பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான். முன்பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர், அடுத்ததையேனும் காப்பாற்றிவிடவேண்டும் என்ற தவிப்பில், யாரும் ஆசைப்படாத பெயராகப் பார்த்து இடுவது உலகின் பல மூலைகளில் இருந்த வழக்கம். மங்கோலியரிடையே நெர்குய் என்றால் 'பெயரில்லை', எனெபிஷ் என்றால் 'இது அல்ல', ஹுன்பிஷ் என்றால் 'மனிதன் அல்ல'. தீய ஆவி தேடி வந்தால் குழம்பித் திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு. சீனத்தில் கௌஷெங் என்பதற்கு 'நாய் தின்று மீந்தது' என்று பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் ஏமாற்றுவதை விட்டுவிட்டுக் குழந்தையிடமே மன்றாடினார்கள்: மலோமோ, 'இனிப் போய்விடாதே', துரோஜயே, 'இருந்து வாழ்வை அனுபவி'. குப்பன், பிச்சை என்ற நம் பெயர்களில் பலவும் இந்த வரிசையைச் சேர்ந்தவை. இவற்றை நாகரிகமற்ற பெயர்கள் என்று ஒதுக்குகிறீர்கள். ஒதுக்காத இடத்தில், பிச்சை என்பதற்கு 'இறையருள்' என்று மெருகேற்றிவிடுகிறீர்கள். ஒரு தாய் எதற்கு அஞ்சினாள் என்பது அந்த மெருகின் கீழே மறைந்துபோகிறது. தாத்தாவின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பேரப் பிள்ளைக்கு, உங்கள் நூலில் ஒரு நேர்மையான பத்தி இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும்.

குடும்பப் பெயர்களில் தவறு வேறு விதமாக நேர்கிறது. அங்கே சொற்பொருள் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் சறுக்குகிறது. ஆங்கிலத்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், பிரான்சின் லெஃபெவ்ர், ஹங்கேரியின் கோவாச், அரபியின் ஹத்தாது எல்லாம் கொல்லரைக் குறிப்பவை. இடைக்கால ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கொல்லர் இருந்தார், எனவே இப்பெயர்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே குடும்பத்துக்கு உரியவை அல்ல. கிங் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரைக் கண்டதும் அரச மரபு என்று எழுதுவதும் இப்படித்தான். அரசனைப் போல நடந்துகொண்டவருக்கும், விழாக்கூத்தில் அரசன் வேடம் கட்டியவருக்கும் கேலியாக இட்ட பட்டப்பெயராகவே அது பல இடங்களில் தொடங்கியது.

இதைவிட முக்கியமானது அரசாணை. உலகக் குடும்பப் பெயர்களில் பல, வரி வாங்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் பதிவேடு தேவைப்பட்ட அரசுகளின் கட்டாயத்தால் வந்தவை. பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் கிளாவெரியா, குடும்பப் பெயர்கள் அகரவரிசையில் அடங்கிய ஒரு தொகுப்பை ஊர் ஊராக அனுப்பி அதிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ளச் செய்தார். எனவே ஒரு பிலிப்பினோவின் ஸ்பானியப் பெயர் அவருக்கு ஸ்பானிய மூதாதையர் இருந்ததற்குச் சான்றாகாது. ஜப்பானில் 1875இலும், தாய்லாந்தில் 1913இலும், துருக்கியில் 1934இலும் குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. துருக்கியில் 'தெமிர்' என்னும் பெயருக்கு இரும்பு என்று பொருள் கூறுவது சரி. அதைக் கொண்டு அக்குடும்பத்தின் முன்னோரைக் கொல்லராக்குவதற்கு முன், 1934ஐ ஒட்டி ஒருவர் உறுதியான பெயர் வேண்டும் என்று விரும்பித் தேர்ந்திருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் லிட்டில், அடிமைப்படுத்தியவர்கள் தம் முன்னோர்மேல் சுமத்திய பெயர் என்று கூறி லிட்டிலைக் கைவிட்டு, தெரியாமற்போன ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொண்டார். 'லிட்டில் என்றால் சிறியவர்' என்னும் அகராதி வரி இவர் வரலாற்றின் அருகில்கூட வரவில்லை.

பெயரின் பொருளை உண்மையிலேயே அறிந்தவர்கள் அதை மொழி மாற்றியும் வாழ்ந்திருக்கிறார்கள். 1497இல் ஜெர்மனியில் பிறந்த சமயச் சீர்திருத்தவாதி பிலிப் ஷ்வார்ட்சேர்ட்டின் குடும்பப் பெயர், 'கரிய மண்' என்னும் அதே பொருளில், கிரேக்கத்தில் மெலாங்தோன் ஆயிற்று. வேதாசலம் மறைமலை ஆனார். தமிழ்க் கிறித்தவர்கள் யோவானின் எபிரேயப் பொருளில் உள்ள இறையருளை அறிந்து அருளப்பர் என்றும், 'சிறியவர்' என்னும் இலத்தீன் பொருளுடைய பவுலைச் சின்னப்பர் என்றும் வழங்கினார்கள். சொல்லின் வேர்வரை சென்று பார்த்த இந்தக் கவனத்தில் பாதியாவது இன்றைய பட்டியல்களில் இருக்கலாம்.

பெற்றோர் இனிய பொருளைத்தான் கேட்கிறார்கள், நீண்ட விளக்கத்தை யார் படிப்பார்கள் என்று நீங்கள் கூறக்கூடும். இனிய பொருளை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்பது தம் பிள்ளைக்கு இடும் பெயரின் பொருளை. உங்கள் கற்பனையை அல்ல. நீங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதால், ஒருமுறை அச்சேறிய பிழை பத்துத் தொகுப்புகளில் ஒரே சொற்களில் வந்து, பத்துச் சான்றுகள் உள்ளதைப் போன்ற தோற்றத்தையும் பெற்றுவிடுகிறது. மொழிக்கு ஒரு குறியீடு, பெயர் வகைக்கு ஒரு குறியீடு என்று வைத்துக்கொண்டால் பக்கமும் கூடாது. ஆயிரக்கணக்கான பதிவுகளையும் ஒரே பதிப்பில் திருத்துவது இயலாது என்பதும் புரிகிறது. அடுத்த பதிப்பில், வேர் உறுதிப்படாத பெயர்களுக்கு நேராக ஒரு கேள்விக்குறி மட்டும் இடுங்கள், அந்தோணியிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்புகளைத் தொடர்ந்து படிக்கும் வாசகன்