காசுச் செய்தியில் எடையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கடற்கரையில் 'ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்தது' என்று செய்தி வந்தால் விடாமல் படிப்பவன் நான். தேவிபட்டினத்தில் நகைப்பட்டறை வைத்திருப்பதால், காசு என்றாலே முதலில் எடையைத்தான் தேடுவேன். அது மட்டும் செய்தியில் வருவதேயில்லை.

எடை தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, கனமாக இருக்கும். மன்னர் தலையில் இலை மாலை. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த சிலிக்குவா என்ற வெள்ளிக்காசு சுமார் 2 கிராம்தான். தகடு மாதிரி மெலிசு. தலையில் முத்துப் பட்டம், அதன் நாடா பிடரியில் தொங்கும். எழுத்து பெரும்பாலும் 'டி என்' (லத்தீனில் 'நம் தலைவர்' என்பதன் சுருக்கம்) என்று தொடங்கும். பின்பக்கம் அடியில் அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த சாலையின் குறி, இருக்கும். ஜெர்மனியில் இருக்கும் ட்ரியர் நகரத்தில் அடித்ததென்றால் 'டி ஆர் பி எஸ்'. கடைசி இரண்டெழுத்து சுத்தம் செய்த வெள்ளி என்பதற்கு அடையாளம், இன்றைய ஹால்மார்க் போல.

என்னிடம் 'ரோமன் காசு' என்று வருவதில் பல, விக்டோரியா ராணி தலை போட்ட கால் ரூபாய். 2.92 கிராம், விளிம்பில் வரி வரியாக இருக்கும். தராசில் வைத்ததுமே தெரிந்துவிடும்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளி பெரும்பாலும் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிற்காலத்தவை, பழைய துறைமுகமான அழகன்குளத்தில் கிடைத்தவை போன்ற செப்புக்காசுகள்தான். பிற்கால வெள்ளி ஒன்று நிஜமாகவே இங்கே கிடைத்தால் அது பெரிய விஷயம். 'ரோமானியக் காசு' என்று பொதுவாகப் போட்டால் அது யார் கண்ணிலும் படாமல் போகும்.

அப்புறம், தயவுசெய்து யாரும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். உப்பு மண்ணில் கிடந்த வெள்ளி சாம்பலும் ஊதாவுமாகப் பொருக்குத் தட்டிப்போகும். எழுத்து அந்தப் பொருக்கிலேயேகூடத் தங்கியிருக்கும். தேய்த்தால் அதோடு போச்சு.

ஆகவே எடை, குறுக்களவு, இரண்டு பக்கப் படம் மூன்றையும் போடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் செய்தியின் கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
நகைத் தொழிலாளி,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்