அளவு ஜாக்கெட்

அன்புள்ள வசு,

பொங்கலுக்கு நீ போட்ட லெட்டருக்கு ஆனி பொறந்தப்புறம் பதில் எழுதுறேன், திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, சின்னவன் திருச்சியில வேலைக்குச் சேந்துட்டான், மேட்டூர் தொறந்து குடமுருட்டியில தண்ணி வந்துட்டுது. கணக்கு டீச்சர் உன்ன விசாரிச்சாங்க, அந்த சைக்கிள் கதைய இன்னும் விடல.

நம்ம அத்தாச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மருமக, நீ கூட பாத்திருக்க, கோலம் பெருசா போடுவாளே, அவ ரெண்டு வருஷமா என்கிட்டதான் தைக்கக் குடுக்குறா. மொதல்ல கை 6 இன்ச், அப்புறம் 8, போன வருஷம் சித்திரையில முழங்கை வரைக்கும் எறக்கி வைங்கக்கான்னா. இந்த வெயில்லயாடின்னு கேட்டேன், சிரிச்சா. டேப்ப கையில சுத்துனப்ப உள்பக்கம் கன்னிப்போயி கிடந்தத நான் பாத்தேன் வசு. பாத்துட்டு அளவ நோட்டுல எழுதிக்கிட்டேன், ஒரு வார்த்தை கேக்கல. அது இன்னும் நெஞ்சுல கிடக்கு.

தை மாசம் ஒரு அளவு ஜாக்கெட்ட கவர்ல சுத்திக் குடுத்து, இது அவசரம் இல்லக்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்னா. மாசியில ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு புள்ளைங்களோட செருப்புகூட இல்லாம வந்து நின்னு, அந்தக் கவர எடுங்கக்கான்னு சொல்றா. ஜாக்கெட்டுக்குள்ள ஆதார் ஜெராக்ஸ், புள்ளைங்க பர்த் சர்டிபிகேட்டு, நகை அடகு ரசீதோட போட்டோகாப்பி. ஒரு மாசத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்கு அந்தப் பொண்ணு.

எனக்கு வந்த ஆத்திரத்துல அப்பவே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க, புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, காலையில ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி அனுப்பிடலாம்னாங்க. நான் கத்துனேன். வெளில வந்து அவ சொன்னா, அக்கா அவர ஜெயில்ல போடுறது அப்புறம், வெள்ளிக்கிழமை குழு லோனுக்கு டியூ, பணத்த எடுத்தது அவரு, கையெழுத்து என்னுது, கட்டலேன்னா மத்தவங்க எல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க, அதுக்கு பயந்தே நான் திரும்பிப் போயிடுவேன்னு. அவளுக்கு என்ன வேணும்னு அதுவரைக்கும் நானும் கேக்கல பாரு.

மறுநாள் குழுப் பொம்பளைங்ககிட்ட நானே போய்ப் பேசுனேன். ரெண்டு பேரு மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா மூணு டியூவ மத்தவங்க பங்கு போட்டுக் கட்டிட்டாங்க. அப்புறம் பேங்க். உரிமைத்தொகை 1000 ரூபா அவ கணக்குலதான் விழுது, ஆனா ஏடிஎம் கார்டு அவன்கிட்ட, மெசேஜ் போறதும் அவன் போனுக்கு, இவ எந்த ஊர்ல எப்ப பணம் எடுத்தாலும் அவனுக்குத் தெரிஞ்சிடும். கார்ட பிளாக் பண்ணி, நம்பர மாத்தி, புதுக் கார்டு வாங்குறதுக்குள்ள நாலு நாள் நடந்தோம்.

கேஸு அதுக்கப்புறம்தான். கும்பகோணம் கோர்ட்டுல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்குல்ல, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு கேக்காம இலவசமா வக்கீல் வச்சுக் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்காம், 15100க்கு போன் அடிச்சாலும் வழி சொல்றாங்க. இத்தன வருஷமா கோர்ட் வாசல் வழியா பஸ்ஸுல போயிருக்கேன், எனக்குத் தெரியாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல அடிச்சது மட்டும் இல்ல, செலவுக்குக் குடுக்காம வக்கிறது, நகைய எடுத்துக்கிறது எல்லாமே வன்முறைன்னு எழுதியிருக்கு வசு! வக்கீலம்மா அத வாசிச்சுச் சொன்னப்ப இவ அழுதா, அடிபட்டு வந்த ராத்திரிகூட அழாதவ.

மாமியாக்காரி, வீடு என் பேர்ல இருக்கு, உள்ள கால வைக்கக்கூடாதுன்னு தெருவுல நின்னு சத்தம் போட்டா. 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாம், கட்டிக்கிட்டுப் போயி குடும்பமா இருந்த வீடு மாமனார் மாமியார் பேர்ல இருந்தாலும் மருமகளுக்கு அங்க இருக்க உரிமை கேக்கலாம்னு. ஆனா இவ அந்த வீடு வேணாங்குறா. நம்ம வக்கீலு அதையும் காது குடுத்துக் கேட்டு, வேற வீட்டுக்கு வாடகையும் மாசச் செலவும்னு மனுவ மாத்திட்டாங்க. அவன் மில்லுல சம்பளக்காரன், கோர்ட்டு நெனச்சா மொதலாளியே சம்பளத்துலேந்து நேரா இவளுக்குக் குடுக்கச் சொல்லலாமாம். 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, எங்களுக்கு 3 வாய்தா போயிடுச்சு, இடைக்கால உத்தரவே இன்னும் வரல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளுக்கு ஒரு நாள் கூலி போகுது, புள்ளைங்கள பாத்துக்க ஆள் வேணும். டவுன் பஸ்ஸுல டிக்கெட் இல்லாததால தப்பிச்சோம்.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். 28 வருஷம் பேங்குல உக்காந்து எங்க எல்லாரையும் கையெழுத்து சரியில்லன்னு விரட்டுனியே, அதுக்கு இப்ப பதில் சொல்லு. நகை அவ பொறந்த வீட்டுல போட்டது, 7 பவுன். அடகு வச்சது அவன் பேர்ல. அவன் வட்டி கட்டாம விட்டா ஏலத்துக்குப் போயிடுமே, ஏல நோட்டீசு அவன் அட்ரசுக்குத்தானே வரும்? சீதன நகைன்னு கோர்ட்டுல மனு போட்டிருக்கோம்னு மேனேஜருக்கு இப்பவே எழுதிக் குடுத்தா அத ஃபைல்ல வைப்பாங்களா, உத்தரவு வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்களா? லெட்டர எப்படி எழுதணும், யாருக்கு காப்பி போடணும்னு நீயே ஒண்ணு எழுதி அனுப்பு, நான் ஃபேர் காப்பி எடுத்துக்கிறேன்.

அடுத்த வாய்தா 27ஆம் தேதி, அதுக்கு முன்னாடி கிடைக்கிற மாதிரி போடு. போன் பண்ணாத, பகல் முழுக்க அவ என் பக்கத்துலதான் உக்காந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வச்சிக்கிட்டு இருக்கா, ஏலம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் அன்னைக்கு சாப்பிட மாட்டா.

உன்
மல்லி