கட்டுக்குள் என்ன நடக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

எக்ஸ்ரே படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே. வழுக்கி விழும்போது கையை ஊன்றினால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். டப்ளினில் ஆபிரகாம் கோலிஸ் என்கிற சர்ஜன் 1814-லேயே இந்த முறிவைப் பற்றி எழுதிவிட்டார். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல்தான். அதாவது, கையைப் பார்த்தும் தடவியும் கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன். உன் டிஸ்சார்ஜ் சீட்டில் 'கோலிஸ்' என்று இருக்கிறதே, அவர்தான்.

"ஆறு வாரம் சும்மா கட்டிப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? உள்ளே என்னதான் நடக்குது?" என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். என் சர்வீஸ் முழுக்க பெரியாஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில்தான் போனது. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் எப்படி?

முதலில் ஒன்று தெரிந்துகொள். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. ஆடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டுகிற வேலையை எலும்பே செய்துகொள்ளும். உடைந்த அன்றைக்கே அந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைந்துவிடும். வீக்கம் வந்து கை கொதித்ததே, அது கெட்டது இல்லை, வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ரத்தக்கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழையும். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு முனைகளையும் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு திசு பிடித்துக்கொள்ளும். டாக்டர்கள் கேலஸ் என்பார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி ஏறித்தான் எலும்பாகும்.

உனக்கு இப்போது மூன்றாவது வாரம். வலியே இல்லை, ஸ்கூட்டரை எடுக்கலாமா என்கிறாய். வலி ஏன் போனது தெரியுமா? முனைகள் உரசுவது நின்றுவிட்டது, அதனால். எலும்பு கெட்டிப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் அறையில் கட்டை ஊறவைத்துத் தாங்களே பிரித்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாரத்துக்காரர்கள்தான். நேராக்கி வைத்த எலும்பு மறுபடி சரிந்திருக்கும். ஸ்கூட்டர் பேச்சே வேண்டாம்.

ஆறு வாரம் என்பதும் எல்லா எலும்புக்கும் ஒன்றுபோல் இல்லை. மணிக்கட்டு முனையில் எலும்பு பஞ்சு மாதிரி, ரத்த ஓட்டம் நல்லது, சீக்கிரம் கூடும். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு நடுவில் உடைந்தால் மூன்று நான்கு மாதம் கூட ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு எதுவுமே பாதி நேரம்தான். கட்டு பிரித்த பிறகும் எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு தடிக்கும் என்று ஜெர்மனியில் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதினார். படத்தில் அந்த இடம் கொஞ்சம் புடைத்தாற்போல் தெரிந்தால் பதறாதே. நாளாக ஆக அது மட்டமாகிவிடும்.

பெரிய அத்தை உனக்கும் போன் செய்து புத்தூர் கட்டு போடச் சொன்னாளாம். எனக்கும் செய்தாள். ஆந்திராவில் திருப்பதி பக்கத்துப் புத்தூரில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். மூங்கில் பட்டை, துணி, முட்டை வெள்ளைக்கரு. விலகாத முறிவு அதிலும் கூடும், ஏனென்றால் நான் முதலில் சொன்னதுதான்: ஒட்டுவது எலும்பின் வேலை. அத்தையின் கை கூடியது அப்படித்தான். ஆனால் உனக்கு எலும்பு விலகியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். அதை அவிழ்த்து எண்ணெய் போட்டு உருவ ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் அறைக்கு வந்ததிலேயே என்னைத் தூங்கவிடாத கேஸ்கள், எங்கோ இறுக்கிக் கட்டி, விரல் கருத்து வந்த பிள்ளைகள். யார் கட்டினாலும், மூங்கிலோ மாவோ, இறுக்கம் இறுக்கம்தான். விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ காலைவரை காத்திராதே. ராத்திரியே ஆட்டோ பிடித்துப் போ. மோதிரத்தைக் கழற்றிவிட்டாய்தானே?

கட்டுப் போடும்போது சூடாக இருந்தது, பயந்துபோனேன் என்றாய். மாவும் தண்ணீரும் சேர்ந்து இறுகும்போது சூடு வரும். அதனால்தான் வெந்நீரில் நனைப்பதில்லை. வெந்நீரில் முக்கினால் மளமளவென்று இறுகித் தோலையே சுட்டுவிடும். இறுகுகிற நேரத்தில் கையை உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் விரல் நுனியால் பிடிப்பார்கள். மேலே பார்த்தால் சின்னக் குழிதான் தெரியும், உள்ளே அது தோலை அழுத்திப் புண்ணாக்கும். இந்த மாவுத்துணியைப் பற்றி 1852-ல் எழுதி வெளியிட்டவர் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர். இத்தனை வருஷமாகியும் அந்த ஐடியா பெரிதாக மாறவில்லை. அரித்தால் ஸ்கேல், சீப்பு எதையும் உள்ளே விடாதே. கீறினால் உள்ளேயே சீழ் பிடிக்கும், வெளியே நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

சும்மா உட்கார வேண்டியதுதானா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உட்காரக் கூடாது. கட்டுக்கு வெளியே இருக்கிற எல்லாம் உன் பொறுப்பு. விரல்களை முழுசாக மடக்கி, முழுசாக நீட்டு. முழங்கையை மடக்கு. கையைத் தலைக்கு மேலே தூக்கு. தூளியில் போட்டபடியே வைத்திருந்து தோள்பட்டை இறுகிப்போய் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும், தோள் ஒரு வருஷம் படுத்தும்.

கட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அழக்கூடாது. பிரிக்கிற மெஷினின் சத்தத்தைக் கேட்டே பாதிப் பேர் அழுவார்கள். அதன் பிளேடு சுற்றாது, அதிரும், அவ்வளவுதான். மீதிப் பேர் கையைப் பார்த்து அழுவார்கள். தோல் செதில் செதிலாக உரியும். முன்கை குச்சியாக இருக்கும். தசை அப்படித்தான், வேலை கொடுக்காவிட்டால் சுருங்கிவிடும், கொடுத்தால் திரும்ப வரும். மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி நிற்கும். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையை நீட்டுகிறோமே, உள்ளங்கை மேலே பார்க்க, அந்தத் திருப்பம்தான் பலருக்குக் கடைசியாக வரும். துணி பிழிவதும் பாட்டில் மூடி திறப்பதும் அதற்கும் பிறகுதான். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிப் பழகு. பிசியோதெரபிஸ்ட் சொன்னதை விடாமல் செய். வேறு யாரையும் பிடித்து முறுக்க விடாதே.

இன்னொன்று, இதை அநேகம் பேர் சொல்ல மாட்டார்கள். உள்ளங்கையை மேஜையில் விரித்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பார். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அந்த விரலைத் தூக்குகிற தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டுகிற கயிறு, முறிவுக்கு மேலேயே ஓடுகிறது. எலும்பு நன்றாகக் கூடிவரும்போதே, சில வாரம் கழித்து, வலி பெரிதாக இல்லாமலே அது தேய்ந்து அறுந்துபோவதுண்டு. அரிதுதான். ஆனால் விரல் தூக்க வராவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்.

உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணும் போன வாரம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாமே. கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் அவளுக்கு வலிக்கிறதா என்று கேள். வலித்தால், பத்துப் பதினான்கு நாளில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஸ்கேஃபாய்ட் என்று ஒரு குட்டி எலும்பு அங்கே இருக்கிறது. அதன் முறிவு முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும். ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிற எலும்பு அது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் கூடாமலே போகலாம். சுளுக்கு என்று விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

சுளுக்கு என்றதும் உன் அண்ணன் ஞாபகம் வருகிறது. ஷட்டில் ஆடுகிறேன் என்று கணுக்காலைத் திருப்பிக்கொண்டான். அம்மா புளியும் கல்லுப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டாள். அத்தை, காலால் பிறந்தவர் ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்க வைக்கிறேன் என்று நின்றாள். நல்லவேளை, அவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. நான்கு அடி நடக்க முடிகிறதா, கணுக்கால் முட்டு எலும்பின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்தேன். கனடாவில் ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல் கொடுத்த கணக்கு அது, எக்ஸ்ரே தேவையா என்று தெரியும். அவன் நடந்தான், எலும்பில் வலியில்லை. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கிற தசைநார்தான் கிழிந்திருந்தது. தசைநாருக்கு எலும்பு அளவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மேலுக்கு ஆறினாலும் பழைய கெட்டி வர ஒரு வருஷம்கூட ஆகும். அவன் மூன்றாவது வாரமே கோர்ட்டுக்குப் போய் மறுபடி திருப்பிக்கொண்டு வந்தான். இப்போது ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கிறான். சிரிக்காதே, அது நான் சொன்ன பயிற்சிதான். கால் நிலை தடுமாறினால் உடனே பிடிக்கிற பழக்கமும் காயத்தோடு போய்விடும், அதை இப்படித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சாப்பாடு. ஆட்டுக்கால் சூப் குடிக்கப் பிடித்தால் குடி, ஆனால் அதில் கால்சியம் சொற்பம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், முட்டை, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் நல்லது. வெயிலில் கொஞ்சம் நில்; ஏசி ரூமில் வைட்டமின் டி வராது.

அம்மா பருப்புப்பொடியும் பிரண்டைத் துவையலும் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். பிரண்டை எலும்பைக் கூட்டும் என்பது அவள் கட்சி. ருசிக்காகச் சாப்பிடு என்பது என் கட்சி. நீ ஒற்றைக் கையால் மூடியோடு மல்லுக்கட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் ஜிப் கவரில் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும், நேரே எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, இரண்டு படத்தையும் அனுப்பு. ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு "பார்த்துச் சொல்லுங்கப்பா" என்றால் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா