தம்பி கையில் வந்த மரு

மாப்ள,

நல்லா இருக்கியா? நீ அனுப்புன அந்த மரமனிதன் வீடியோவ, அதான் கை காலெல்லாம் மரப்பட்ட மாதிரி மரு வளந்து கிடந்தவரோட வீடியோவ, ரெண்டு தடவ பாத்தேன், உன் பாப்பா கையில நாலு மரு வந்திருக்கு, அவளுக்கும் இப்படி ஆயிடுமோன்னு கேட்டிருந்த, போன்ல சொல்லி முடியாது, அதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல பாப்பா விஷயம். பயப்படாத. ஸ்கூல் போற பிள்ளைங்களுக்கு மரு வர்றது சகஜம், பாதிக்கு மேல ரெண்டு வருஷத்துக்குள்ள தானாவே உதிர்ந்துடும். நகத்தால கிள்ள மட்டும் விடாத, கிள்ளுனா பக்கத்துல பரவும்.

தம்பி கத வேற. அவனுக்கு அம்மா கிட்னி குடுத்தது உனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வருஷம் கட்டவிரல் நகத்த ஒட்டி ஒண்ணு வந்துச்சு, அடுத்த தீபாவளிக்குள்ள ரெண்டு புறங்கையும் கழுத்தும் நெறஞ்சுபோச்சு மாப்ள. சொரசொரன்னு காலிஃப்ளவர் மாதிரி, உத்துப் பாத்தா உள்ள கறுப்பு கறுப்பா புள்ளி, அது ரத்தம் கட்டுன குட்டி நாளமாம். மே மாச வெயில்ல முழுக்கை சட்டை போட்டுட்டுத் திரிஞ்சான், சொந்தப் புள்ளைக்கு சோறு ஊட்ட மாட்டேன்னுட்டான். அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

நம்ம ஊர்ல சும்மா இருப்பாங்களா, கோயில்ல உப்பும் மிளகும் போடச் சொன்னாங்க, அம்மான்பச்சரிசிப் பால் தடவச் சொன்னாங்க, அதெல்லாம் கூட பரவால்ல, ஒருத்தர் எதிர்ப்பு சக்தி ஏறும்னு கஷாயம் குடுத்தாரு, இவனும் யாருகிட்டயும் சொல்லாம மூணு வாரம் குடிச்சிருக்கான், கிட்னி சரியா வேல செய்யலன்னா ரத்தத்துல ஏறுமே, அந்த கிரியேட்டினின் 1.3ல இருந்து 1.9க்கு ஏறிடுச்சு. கிட்னி மாத்துனவங்க டாக்டரக் கேக்காம அந்த மாதிரி எதையும் வாய்ல வைக்கவே கூடாது, மாத்திரையோட அளவையே அது ரத்தத்துல மாத்திடும்.

ஸ்கின் டாக்டர்தான் பொறுமையா புரிய வச்சாங்க. மரு வரக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ், அதுல 200 வகைக்கு மேல இருக்கு, நெறைய பேர் தோல்ல சத்தமில்லாம கிடக்கும், ரத்தத்துல காவல் காக்குற டி செல்லுங்கன்னு சொல்ற எதிர்ப்பு செல்லுங்க அத அடக்கி வச்சிருக்கும். தம்பி சாப்பிடுற டாக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட் எல்லாம் புது கிட்னிய உடம்பு அடிச்சுடக் கூடாதுன்னு அந்தக் காவலத் தூங்க வைக்கிற மாத்திரை, காவல் தூங்குனா வைரஸ் எந்திரிக்கும். எச்.ஐ.வி., சில ரத்தப் புத்துநோய் இருக்கவங்களுக்கும் இப்படி கொத்துக் கொத்தா வரும்னாங்க. அதனால பெரியவங்களுக்கு திடீர்னு உடம்பு பூரா பரவுச்சுன்னா, இல்ல வருஷக்கணக்கா வைத்தியம் பாத்தும் அடங்கலன்னா, எதிர்ப்பு சக்தி ஏன் கொறஞ்சுச்சுன்னும் தேடணும், மருவ மட்டும் சுட்டு விட்டா பத்தாது.

நீ அனுப்புன வீடியோல இருந்தவரு இந்தோனேஷியாவோட தேதே கோஸ்வாரா. அவரப் பாத்த அமெரிக்க டாக்டரும் எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மின்னுதான் சொன்னாரு, ஆனா எச்.ஐ.வி. இல்ல. 2008ல ஆபரேஷன் பண்ணி சுமார் 6 கிலோ மரு எடுத்தாங்க, மறுபடி வளந்துடுச்சு, 2016 ஜனவரில இறந்துட்டாரு. வேர் உள்ள இருந்தா மேல வெட்டி என்ன பண்றது மாப்ள. அந்த நோய் உலகத்துலயே ரொம்ப ரொம்ப அபூர்வம், பாப்பாவோட நாலு மருவ அதோட சேத்துப் பாக்காத.

தம்பிக்கு இப்ப கிட்னி டாக்டரே மாத்திரைய மெதுவா கொறச்சிருக்காரு, நம்மளா நிறுத்துனா கிட்னியே போயிடும். கூடவே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் வச்சு உறைய வைக்கிறாங்க, வலிதான், பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருப்பான். கிட்னி மாத்துனவங்களுக்கு தோல் புத்துநோய் வர வாய்ப்பு அதிகம்ங்கறதால ஆறு மாசத்துக்கு ஒருக்கா உடம்பு முழுக்க பாக்குறாங்க, வெயில்ல போகாதன்னும் சொல்லிருக்காங்க. வலது கை பாதிக்கு மேல சுத்தமாயிடுச்சு. போன ஞாயித்துக்கிழம புள்ளைக்கு அவனே தோச பிச்சு ஊட்டுனான், அம்மா அடுப்படில நின்னு பாத்துட்டே இருந்தாங்க.

வெள்ளிக்கிழம அவனுக்கு ரிவ்யூ, முடிஞ்சதும் கூப்பிடுறேன். பாப்பா கைய நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பு, டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுச் சொல்றேன்.