கொள்ளு சூப்பை வடிகட்டாதே

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.8 சதவீதம். 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்குதான். பயப்படாதே, அசட்டையாகவும் இருந்துவிடாதே. டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடு.

இராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டு பாக்கெட் சூப் குடிக்கிறாய் என்று அம்மா சொன்னதுதான் மனசை உறுத்துகிறது. அந்தக் கெட்டியெல்லாம் பெரும்பாலும் சோள மாவு. அது சீக்கிரமே செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறிவிடும். போதாக்குறைக்கு உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கொள்ளு சூப்பையே வைத்துக் குடி. ஒரு கைப்பிடி கொள்ளை முதல் நாளே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவை. பாதியை மத்தால் கடைந்து வெந்த தண்ணீரிலேயே சேர்த்துவிடு. மாவு கரைத்து ஊற்றாமலே கெட்டியாகும். மிளகு, சீரகம், நாலு பல் பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள், மிக்ஸியில் போடாதே. சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் கண்ணாடி போல வதக்கி, தட்டியதைப் போட்டதும் மிளகு மூக்கில் ஏறும் பார், அப்போது கொள்ளை ஊற்று. ஒரு கொதி போதும், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இறக்கு.

கொள்ளிலும் மாவுச்சத்து இருக்கிறது. ஆனால் 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம், கூடவே நார்ச்சத்து. அதனால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். வடிகட்டினால் அந்த நாரெல்லாம் சக்கையோடு போய்விடும். முருங்கைக்கீரை சூப்புக்கும் இதே பேச்சுதான், இலையையும் சேர்த்துச் சாப்பிடு. முதுநகர் துறைமுகத்து நண்டில் ரசம் வைத்தால் மாவுச்சத்துக் கவலையே இல்லை. அதை நீ இங்கே வரும்போது நானே வைத்துத் தருகிறேன்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படி. சூப் மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதே. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை 70-க்கும் (mg/dL, விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் காட்டும் எண்) கீழே இறக்கிவிடும். உன்னுடையது அந்த வகையா என்று டாக்டரிடம் கேள். கை நடுங்கி வியர்த்தால் சூப் உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார். மற்ற நாட்களில் முதலில் சூப், அப்புறம் காய், முட்டையோ மீனோ, கடைசியில் கொஞ்சம் சோறு. சோறே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருதரம் குத்திப் பார். பொதுவாக 180-க்குள் இருக்கச் சொல்வார்கள், உனக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். எண்ணை எனக்கும் வாட்ஸப்பில் போடு. அங்கே தமிழ்க் கடையில் கொள்ளு கிடைக்காவிட்டால் சொல், மஞ்சக்குப்பத்தில் வாங்கிப் புடைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
கடலூர்