சிலோன் அல்பா பட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு காசியா அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர் (வீட்டில் இனிப்பு, தம் சோறு ஆர்டர் எடுப்பவர்),
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் மேலாளர்,
தங்கள் மசாலா நிறுவனம்.

ஐயா,

வணக்கம். "உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது" என்று உங்களிடமிருந்து குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி வருகிறது. என்ன தீர்வு, யாருக்குத் தீர்வு? போட்டோ கேட்டீர்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். பார்சலைப் பிரிக்கும்போதே ஏன் வீடியோ எடுக்கவில்லை என்று இப்போது கேட்கிறீர்கள். போனில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் இணையக் கடையில் 'சிலோன் பட்டை, அல்பா ரகம்' என்று போட்டிருந்ததில் 2 கிலோ முழுப்பட்டையும் அரை கிலோ தூளும் வாங்கினேன். வந்தது காசியா, அதாவது பட்டை என்ற பேரில் விற்கும் தடித்த, விலை குறைந்த வேறு மரத்துத் தோல். மசாலா வியாபாரம் செய்கிற உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் போன் எடுக்கும் உங்கள் ஆட்களுக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

அல்பா என்றால் சுருளின் குறுக்களவு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, மெல்லிய உள்பட்டையை மட்டும் உரித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிழலில் காயவைத்தது அது. முனையைப் பார்த்தால் சுருட்டு மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும், விரலால் அழுத்தினாலே பொடியும். நீங்கள் அனுப்பியதோ ஒற்றைத் தோல். கனம் 2 மில்லிமீட்டருக்கு மேல், இரண்டு ஓரமும் உள்பக்கம் மடிந்த கருஞ்சிவப்புத் துண்டுகள். சிலவற்றில் சாம்பல் நிற மேல்தோல்கூடச் சுரண்டப்படவில்லை. உடைக்க அம்மிக்குழவி வேண்டியிருக்கிறது. மிக்ஸி பிளேடு மழுங்கியதே, அதற்கு யார் காசு தருவது?

இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னதற்கு உங்கள் சேவை மையத்துத் தம்பி சொன்ன பதில்: "பட்டைன்னா பட்டைதான் சார். கொழம்புல போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், போட்டுக் கேளுங்கள்.

தெரியும் ஐயா. 1964 டிசம்பர் புயல் அடிக்கும்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த கரை இது. சிலோன் பட்டை எது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை சேர்ந்த வட்டிலப்பத்தில் லிட்டர் பாலுக்கு அரை தேக்கரண்டி சிலோன் தூள் போட்டால், அதில் இருக்கும் யூஜினால் லேசாகக் கிராம்பு வாசம் தரும், இனிப்போடு சேர்ந்துகொள்ளும். காசியாவில் யூஜினால் இல்லை என்றே சொல்லலாம். பட்டைக்குக் காரம் தருகிற சின்னமால்டிஹைடு மட்டும் ஓங்கி நின்று நாக்கில் சுள்ளென்று ஏறும். உங்கள் தூளைப் போட்ட கல்யாண வீட்டு அண்டா முழுவதும் அப்படித்தான் ஏறியது. வருஷக்கணக்கில் சேர்த்த பேர் ஒரே பந்தியில் போய்விட்டது. அதற்கு லட்ச ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது.

காசியா கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. தம் சோற்றுக்கும் ஆட்டுக்கறிக்கும் நானே அதைத்தான் போடுகிறேன். எவ்வளவு நேரம் வெந்தாலும் வாசம் நிற்கும். ஆனால் அதைக் காசியா விலைக்கு வாங்குகிறேன், சிலோன் விலைக்கு அல்ல.

உங்கள் பாக்கெட்டின் முன்பக்கம் 'சிலோன்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம், மடிப்புக்கு அடியில், எறும்பு எழுத்தில் 'மூல நாடு: வியட்நாம்'. இதற்குமேல் சோதனை எதற்கு? இருந்தாலும் செய்தேன். தூளில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமானது. நல்ல சிலோன் தூளில் நிறம் அவ்வளவாக மாறாது. வெந்நீரில் கலக்கி வைத்ததில் அடியில் கொழகொழவென்று தேங்கியது. இலங்கைப் பட்டைக்கு 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. அந்தப் பேரை வியட்நாம் சரக்கின் மேல் ஒட்ட உங்களுக்கு யார் அனுமதி தந்தார்கள்?

தினமும் வெந்நீரில் போட்டுக் குடிக்கிற சர்க்கரை நோயாளிகளும் என்னிடம் இந்தத் தூளை வாங்குகிறார்கள். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய வரம்புப்படி 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி காசியாத் தூளிலேயே அது தாண்டிவிடலாம். சிலோனில் கூமரின் மிகச் சொற்பம். விலை கூடினாலும் அதைத் தேடி வாங்குவது இதற்காகவும்தான்.

பரமக்குடிக்கு அலையவிட்டதையும் சொல்ல வேண்டும். பார்சலை அங்கே விநியோகஸ்தரிடம் ஒப்படைக்கச் சொன்னீர்கள். வேகாத வெயிலில் பஸ் மாறிப் போனால் அவர், "நாங்க மிளகாத்தூள் மட்டுந்தாங்க எடுக்குறோம், பட்டை எங்க லைனே இல்லையே" என்கிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அவர் கொடுத்த ஒரு டம்ளர் மோர்தான் இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிவாரணம்.

தங்கள் நிறுவனத்தின் மேல் இன்னமும் மரியாதை வைத்திருக்கிறேன். தயவுசெய்து முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள், சரக்கை என் வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இணையப் பக்கத்தில் 'சிலோன்' என்பதை நீக்குங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகும், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போகும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி வாங்கியவரே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். தவறான லேபிளுக்கு 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கீழக்கரை.

பி.கு.: பிரிக்காத பாக்கெட் ஒன்றை ஆய்வகத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வரும் ஆளிடம் அது கிடைக்காது. அதைக் காரணம் காட்டிப் பணத்தில் பிடித்தம் செய்யாதீர்கள்.